இந்திய ஹாக்கி அணி: யாருக்கு உடம்பு, யாருக்கு மூளை?

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதுபோன்ற கூட்டங்களில் நாம் வழக்கமாக நிலம், இடஒதுக்கீடு, ஆணவக் கொலை என்றுதான் பேசுவோம். நான் ஹாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர், "என்னப்பா, லீவு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் ஹாக்கிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நகராமல் கிடக்கிற இரவுகளில் பழைய ஹாக்கி ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என் பழக்கம். அதனால் நிபுணராக இல்லாமல் ரசிகனாகவே பேசுகிறேன்.

ரசிகனுக்கு என்று ஒரு வியாதி உண்டு. அணிப் பட்டியல் வெளியானால் போதும், யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும் என்று தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவான். ஒலிம்பிக் ஹாக்கி அணிக்கு 16 பேர்தான். 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் 16 பெயர் எழுதுகிறபோது ஒவ்வொரு பெயரும் ஒரு சண்டை. அந்தச் சண்டைதான் ரசிகனுடைய சந்தோஷம். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

ஆனால் அணிப் பட்டியலைப் பற்றி இந்த நாட்டில் சொல்லப்பட்ட ஒரு கருத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அணி அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. அன்றே ஹரித்வார் அருகில் உள்ள ரோஷ்னாபாத்தில், முன்கள ஆட்டக்காரர் வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்கள் வந்து பட்டாசு வெடித்து ஆடினார்கள். வீட்டாரைச் சாதி சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் இந்தியா தோற்றது என்றார்கள். குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. செய்தியாக இது உங்களுக்குத் தெரியும்.

நான் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆட்கள் சொன்னதும் ஒரு அணித் தேர்வு விமர்சனம்தான். நான் தாளில் எழுதுகிற அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள், பட்டாசோடு. அப்படியானால் ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனிடம் கேட்கிற கேள்வியை நான் கேட்கலாம்: நீ ஆட்டத்தைப் பார்த்தாயா?

பார்த்திருந்தால் கணக்கு இப்படி. அந்த ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தை 1-0 என்று வென்றார்கள். காலிறுதிக்குப் போக வேண்டுமானால் தென் ஆப்பிரிக்காவை வென்றே ஆக வேண்டும். ஜூலை 31 அன்று நடந்த அந்த ஆட்டம் 4-3. இந்தியாவின் நான்கு கோல்களில் மூன்று வந்தனா கட்டாரியா போட்டது. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த மூன்று கோல் இல்லையென்றால் காலிறுதி இல்லை, ஆஸ்திரேலியாவை வென்ற அந்த 1-0 இல்லை, தோற்பதற்கு ஒரு அரையிறுதியே இல்லை. ரோஷ்னாபாத்தில் பட்டாசு வெடித்தவனுக்கு அந்தத் தோல்வியைச் சம்பாதித்துக் கொடுத்ததே வந்தனாதான்! வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்றபோதும் மூன்றில் ஒரு கோல் அவருடையது. அதே ஆண்டு மே மாதம் அவருடைய அப்பா இறந்துபோனார். கொரோனா காலத்துப் பயிற்சி முகாமில் இருந்ததால் இறுதிச் சடங்குக்குக்கூட அவரால் போக முடியவில்லை. மனஉறுதி என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அதற்குப் புள்ளிவிவர அட்டவணையில் கட்டம் கிடையாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நல்லெண்ணம் கொண்ட பலர் ஒரு வாக்கியத்தைச் சொன்னார்கள்: விளையாட்டில் சாதி இல்லை. சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் வந்தனாவின் வீட்டு வாசலுக்கு எந்த வகையில் உதவும்? சாதி இருக்கிறது என்று பட்டாசு வெடித்துச் சொல்லியாகிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை வென்றபோது அணியில் எத்தனை தலித்துகள் என்று யாரும் எண்ணவில்லை. அப்போது அது இந்திய அணி. தோற்றபிறகுதான் தலை எண்ணுகிற வேலை தொடங்கியது.

பட்டாசு வெடிப்பவனை அடையாளம் காண்பது சுலபம். நான் இன்று அதிகம் பேச விரும்புவது இன்னொரு வகைக் கருத்தைப் பற்றி. அது திட்டாது, பாராட்டும். "அந்தப் பக்கத்துப் பசங்க நல்ல டஃப்பு." "உடம்பு இரும்பு." "ஓடிக்கிட்டே இருப்பானுங்க, களைப்பே வராது." அந்தப் பக்கம் என்றால் ஜார்க்கண்டின் சிம்டேகா, குந்தி; ஒடிசாவின் சுந்தர்கர். முண்டா, ஓராவோன், காரியா மக்கள் வாழ்கிற ஆதிவாசிப் பகுதி. பஞ்சாப், ஹரியானாவை அடுத்து இந்திய ஹாக்கிக்கு ஆள் கொடுத்துக்கொண்டே இருக்கிற மண் அது.

பெயர்களைச் சொல்கிறேன், அவர்கள் நின்ற இடத்தோடு கேளுங்கள். 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் மைக்கேல் கிண்டோ, தற்காப்பு. 1980 மாஸ்கோவில் நம்ம சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் சில்வானுஸ் டுங்டுங், தற்காப்பு. 412 ஆட்டம் ஆடிய திலீப் திர்க்கி, தற்காப்பு. லாசரஸ் பர்லா, பீரேந்திர லக்ரா. பெண்களில் சுனிதா லக்ரா, தீப் கிரேஸ் எக்கா, நிக்கி பிரதான். எல்லாம் தற்காப்பு, தற்காப்பு, தற்காப்பு. விதிவிலக்கு உண்டு, அதற்கும் வருகிறேன். இது ரசிகனின் எண்ணிக்கை, ஆய்வறிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு வட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் அரை நூற்றாண்டாக ஒரே இடத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால், ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டுமா இல்லையா?

அமெரிக்காவில் 1970லேயே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். லாய், மெக்எல்வோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகளில் கறுப்பின வீரர்கள் எந்தெந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆட்டத்தை நடத்துகிற, முடிவெடுக்கிற நடு இடங்களில் வெள்ளையர். ஓட்டமும் வேகமும் தேவைப்படுகிற ஓரங்களில் கறுப்பர். அதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். கடையில் சரக்கை ரகம் பிரித்து அடுக்குவது மாதிரி ஆட்களை அடுக்குவது. கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலுவின் கதை இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும், அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் மட்டும் பெயர்போன ஊர் இல்லை அது, ஹாக்கி ஊரும்கூட. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ஊரே மைதானத்தில் இருக்கும். எங்கள் பள்ளியிலும் அணி இருந்தது. எட்டாம் வகுப்பில் நான் தேர்வுக்குப் போனேன். காலனியிலிருந்து நாங்கள் நான்கு பேர். பயிற்சியாளர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்கள்லாம் வேலை செஞ்ச உடம்பு, பின்னாடி நில்லுங்க" என்றார். நான்கு பேரும் தற்காப்பு, அதில் ஒருவன் கோல்கீப்பர். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அப்போது ஊதினால் பறக்கிற மாதிரி இருப்பேன். மதிய உணவுக்குப் பிறகு ஓடினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முன்னால் ஆடிய கடைக்காரர் வீட்டுப் பையன் என்னைவிட இரண்டு மடங்கு இருப்பான். அவர் என் உடம்பைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்த்தார். அவர் கெட்டவரும் இல்லை. எங்களுக்கு மட்டை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். மூன்று வருடம் பின்னால் நின்றேன். பந்தை எப்படிப் பிடுங்குவது என்று நன்றாகக் கற்றுக்கொண்டேன். பிடுங்கிய பந்தை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே யாராவது 'டஃப்பு' என்று சொன்னால் எனக்குக் காது கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

சிம்டேகாவில் பிள்ளைகள் மூங்கிலைச் சீவி மட்டை செய்து ஆடுகிறார்கள், வெறுங்காலோடு ஆடுகிறார்கள், ஊருக்கு ஊர் நடக்கிற போட்டிகளில் வெல்கிற அணிக்கு ஆட்டுக்கிடாய் பரிசு என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். இதை எழுதுகிற எல்லோரும் கடைசியில் 'இயற்கையான திறமை' என்று முடிப்பார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் உடன்பாடு இல்லை. மேடும் பள்ளமுமான மண்தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கல்லில் பட்டுத் திரும்பும், குழியில் விழுந்து நிற்கும். அந்தத் தரையில் ஆயிரம் மாலை ஆடுகிற பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது எகிறுகிற பந்தை நிறுத்துவது. எதிரியின் தோள் சாய்வதைப் பார்த்து, பந்து வருமுன்பே அங்கே போய் நிற்பது. இது ரத்தத்தில் வந்ததா? ஒரு மாணவன் கணக்குப் போட்டுப் போட்டுக் கற்பதுபோல் கற்றது. ஆனால் டிராக் ஃபிளிக் என்கிற, பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி எறிகிற கலையைக் கற்க வழவழப்பான செயற்கைத் தரை வேண்டும், அதற்கென்று வளைவு கூடிய மட்டை வேண்டும், ஒரு கூடை பந்து வேண்டும், தினம் தினம் சுண்டிப் பார்க்க ஒரு கோல் கம்பம் வேண்டும். அது இல்லாத இடத்திலிருந்து வருகிறவன் தற்காப்புக்குப் போகிறான். போனபிறகு அவன் உடம்புவாகே அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறோம். இல்லாமை இயல்பாகிவிடுகிறது.

சரி, தற்காப்பு என்பது வெறும் உடம்பு வேலையா? பெனால்டி கார்னரில் முதலில் ஓடி வருகிறவரைப் பற்றிப் பேச வேண்டும். முதல் ரஷ்ஷர் என்பார்கள். ஹாக்கியிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், தற்காக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போய்விட வேண்டும். பந்து கோட்டிலிருந்து தள்ளப்பட்டதும், கோலிலிருந்து சுமார் 15 மீட்டர் தொலைவில் வட்டத்தின் உச்சியில் ஒருவர் அதை நிறுத்துவார், இன்னொருவர் சுண்டுவார். சுண்டிய பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்கூட வரும். அந்தப் பந்தை நோக்கி, அது வருகிற வழியிலேயே நேராக ஓடுகிறவர்தான் முதல் ரஷ்ஷர். முகமூடி, கையுறை, முழங்கால் கவசம், அவ்வளவுதான். ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்ட அவர் மீது பந்து முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு மறுபடியும் பெனால்டி கார்னர். முழங்காலுக்கு மேலே பட்டால் அடி ஆபத்தானது என்று நடுவர் தற்காக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட் கொடுப்பார். யோசித்துப் பாருங்கள், விதிப் புத்தகமே அவர் உடம்பை ஒரு கணக்கில் வைத்திருக்கிறது. தொடையிலோ வயிற்றிலோ வாங்கினால் அணிக்கு லாபம், கணுக்காலில் வாங்கினால் நட்டம்.

இதைப் பார்க்கிற எவருக்கும் 'என்ன தைரியம்' என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்துப் பதினைந்து முறை திரும்பப் பார்த்தபிறகுதான் மற்றது தெரிந்தது. எதிரணியில் சுண்டுவதற்கு இரண்டு மூன்று பேர் நிற்பார்கள், யார் சுண்டுவார் என்று ஊகிக்க வேண்டும். அவர் வலதா இடதா என்று பழைய ஆட்டங்களைப் பார்த்து மனதில் வைத்திருக்க வேண்டும். ஓடுகிற கோணம் ஒரு அடி தவறினால் கோல்கீப்பரின் பார்வையை நாமே மறைத்துவிடுவோம். எந்தப் பக்கத்தை ரஷ்ஷர் அடைப்பார், எந்தப் பக்கத்தைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் இருக்க வேண்டும். பந்து தள்ளப்படுவதற்கு முன்னால் ஓடத் தொடங்கினால் விதிமீறல். இத்தனையையும் ஒரு நொடியை ஒட்டிய நேரத்தில் செய்ய வேண்டும். சதுரங்கத்தை ஓடிக்கொண்டே ஆடுவது மாதிரி.

இந்திய ஆண்கள் அணியில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். சுந்தர்கர் மாவட்டம் சவுனாமாரா கிராமம், திலீப் திர்க்கியின் ஊரேதான். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம் வாங்கிய ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு விநாடி மிச்சமிருக்கையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார், கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். அந்தப் படம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. ஸ்ரீஜேஷின் அருமையை நான் குறைக்கவில்லை, அவர் இந்தியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அந்தத் தொடர் முழுக்கப் பெனால்டி கார்னர்களில் அவருக்கு முன்னால் ஓடியவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

2024 பாரிஸில்தான் பெரும்பாலானவர்கள் ரோஹிதாஸின் பெயரைக் கேட்டார்கள். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியின் 17ஆவது நிமிடத்தில் அவருடைய மட்டை எதிரணி ஆட்டக்காரரின் முகத்தில் பட்டது. நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். மீதி 43 நிமிடமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றது. நான் பார்த்த இந்திய ஆட்டங்களிலேயே சிறந்தது அதுதான் என்பேன். ஆனால் ரோஹிதாஸுக்கு அடுத்த ஆட்டத்தில் தடை. ஹாக்கி இந்தியாவின் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அரையிறுதியை விடுதியின் தொலைக்காட்சி அறையில் பார்த்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் அந்த அறை ஒரே மாதிரிதான் இருக்கும். ஜெர்மனி 3-2 என்று வென்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "காட்டான் ஒருத்தனை டீம்ல வச்சா இப்படித்தான்." முதுகலை படிக்கிற பையன். ரோஹிதாஸ் எந்தச் சமூகம் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. சுந்தர்கர் என்று வர்ணனையில் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். முதல் நாள்வரை 'இரும்பு' என்று பாராட்டிய அதே உடம்பு, ஒரு அட்டை விழுந்ததும் 'காடு' ஆகிவிட்டது. இரண்டு சொல்லும் ஒரே பையிலிருந்து எடுத்தவை. சண்டை போட்டேனா என்று கேட்காதீர்கள், போட்டேன். காப்பாளர் வந்து அறையைப் பூட்டினார்.

அது வேண்டுமென்றே அடித்ததா இல்லையா என்பதில் ஹாக்கி தெரிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஓட்டத்தில் மட்டை உயர்ந்த வேகத்தில் பட்டது என்பது என் கருத்து. ரசிகனின் கருத்து, ஒருபக்கச் சார்பு இருக்கலாம். ஆனால் அணித் தேர்வு பற்றி அந்த அறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. சுண்டியவர் கோன்சாலோ பெய்லாட். ரியோவில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்றுவிட்டு ஜெர்மனிக்கு நாடு மாறி வந்தவர், உலகின் மிகச் சிறந்த ஃபிளிக்கர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் எதிரில் நிற்கிற நாளில் நம்மிடம் முதல் ரஷ்ஷர் இல்லை. ஒருவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு அதே தரத்தில் இன்னொருவர் அணியில் இருந்தாரா? கோல் போடுகிறவருக்கு மாற்று ஆள் யார் என்று தேர்வுக் குழுவும் பத்திரிகைகளும் மாதக்கணக்கில் பேசுகின்றன. அடி வாங்குகிறவருக்கு மாற்று ஆள் யார் என்று பேசியதாக நான் படித்ததில்லை. மூளையோடு செய்கிற தனித்திறன் என்று கருதியிருந்தால் அதற்கும் ஒரு வரிசை தயாராக இருந்திருக்கும். 'டஃப்பான ஆள் யாராவது ஓடட்டும்' என்று கருதினால் தயாரிக்க என்ன இருக்கிறது?

இந்த மறதி இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டத்தில் 29 கோல். அதில் 14 தயான் சந்த் போட்டது. இது பள்ளிக்கூட வினாடி வினாவிலேயே வரும். அந்த ஐந்து ஆட்டத்திலும் இந்தியா வாங்கிய கோல் எத்தனை? பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. 29ஐ மனப்பாடம் செய்த நாடு பூஜ்யத்தை மனப்பாடம் செய்யவில்லை. அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, ஃபுல் பேக். பிணக்கு ஏற்பட்டு இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை என்பது வேறு கதை. ஆக்ஸ்போர்டில் படித்தவர், பிறகு ஆதிவாசி மகாசபையின் தலைவர், அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரோடு உட்கார்ந்து ஆதிவாசிகளுக்காக வாதாடியவர். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி கேப்டன் ஒரு ஆதிவாசி, ஒரு தற்காப்பு ஆட்டக்காரர், ஒரு சிந்தனையாளர். 'உடம்பு மட்டும்' என்கிற கதைக்கு முதல் அணியிலேயே மறுப்பு இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த லீக், பெண்களுக்கு முதன்முறையாக. மனிதர்களை ஏலம் விடுவதா என்று இங்கே சிலர் முகம் சுளிக்கலாம். நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. இந்த ஆட்டக்காரர்களில் பலருக்கு அந்தப் பணம் வீடு கட்டுகிற பணம். எது விலை போகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். ஆண்கள் அணி ஒன்று செலவழிக்கலாம் என்று வைத்த தொகை 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி. ஆண்களில் மிக அதிகமாக ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம். பெண்களில் உதிதா 32 லட்சம், நெதர்லாந்தின் யிப்பி யான்சன் 29 லட்சம். ஹர்மன்பிரீத்தும் உதிதாவும் தற்காப்பு ஆட்டக்காரர்கள்தான், கவனியுங்கள். ஆனால் தற்காப்பு மட்டும் ஆடுகிறவர்கள் இல்லை, பெனால்டி கார்னர் எடுப்பவர்கள். யான்சனும் அதற்குத்தான் பெயர் பெற்றவர். முதல் நாளில் இருந்தே டிராக் ஃபிளிக்குக்குத் தனி விலை. அது நியாயம்தான், கோல்தான் ஆட்டத்தை வெல்கிறது. ரோஹிதாஸும் ஃபிளிக் அடிப்பார், நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் அவரை எடுத்தது எனக்குக் கொண்டாட்டம். ஆனால் போடாமல் தடுத்த கோலுக்கு எந்த அட்டவணையிலும் கணக்கு கிடையாது. கணக்கில் வராததற்கு ஏலத்தில் எப்படி விலை வரும்? மண்தரையில் தடுக்கக் கற்றவருக்கும் செயற்கைத் தரையில் சுண்டக் கற்றவருக்கும் உள்ள தூரம் அந்த மேசையில் லட்சங்களாகத் தெரிந்தது.

விதிவிலக்குகளைப் பேசுகிறேன் என்றேன். திலீப் திர்க்கி இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், 2022 முதல் ஹாக்கி இந்தியாவின் தலைவரே அவர்தான். லாசரஸ் பர்லா பெனால்டி கார்னர் எடுத்தவர். சிம்டேகாவின் சங்கீதா குமாரி முன்கள ஆட்டக்காரர். ஒடிசா அரசு 2018 முதல் தேசிய அணிகளுக்குப் புரவலராக இருக்கிறது, ரூர்கேலாவில் பெரிய மைதானம் கட்டியிருக்கிறது. இதெல்லாம் உண்மை, சந்தோஷம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த விதிவிலக்கு சலீமா டெட்டே. சிம்டேகாக்காரர், 2024 மே மாதம் முதல் பெண்கள் அணியின் கேப்டன், ஆடுவது நடுக்களத்தில். அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன அந்த நடு இடம்.

ஆனால் சலீமாவின் ஆட்டத்தை வர்ணனையோடு பாருங்கள். அவர் பந்தோடு ஓடினால் "என்ன வேகம், என்ன வேகம்" என்பார்கள். வேகம் இருக்கிறதுதான். நான் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். பந்து கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் ஆள் இல்லை என்று தெரிந்தபிறகுதான் பந்தை வாங்குகிறார். அவர் வேகமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், மற்றவர்கள் யோசிக்கத் தொடங்குகிறபோது அவர் யோசித்து முடித்திருப்பது.

வந்தனாவுக்கும் இதே குறை உண்டு. அவருடைய கோல்களைப் பார்த்தால் பலவும் கோல் கம்பத்துக்கு இரண்டடி பக்கத்தில் நின்று போட்டவை. "சரியான நேரத்தில் அங்கே இருந்தார்" என்பார்கள், ஏதோ பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவர் மாதிரி. 320 ஆட்டம், 158 கோல். ஓய்வு பெற்றபோது இந்தியப் பெண்களில் அதிக ஆட்டம் ஆடியவர் அவர்தான். 158 முறை தற்செயலாக ஒருவர் சரியான இடத்தில் நிற்க முடியுமா? 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. தொடங்குவதற்குச் சில நாள் முன்பு கன்னத்து எலும்பில் அடிபட்டு வந்தனா விலக வேண்டி வந்தது. பாரிஸுக்குப் போவதைத் தீர்மானிக்கிற கடைசி ஆட்டத்தில் இந்தியா ஜப்பானிடம் 0-1 என்று தோற்றது. கம்பத்தருகே நிற்கத் தெரிந்த ஒருவர் இல்லாத ஆட்டத்தில் ஒரு கோல் குறைந்தது. அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ரோஷ்னாபாத்துக்காரர்கள் கேட்ட அணி, வந்தனா இல்லாத அணி, அன்று ராஞ்சியில் ஆடியது என்று மட்டும் சொல்கிறேன். ஒலிம்பிக்குக்கு அது போகவில்லை. 2025 ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அமைப்பாளர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ரசிகனாக என் அணிப் பட்டியலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 16 பேர் அணியில் முதல் ரஷ்ஷர் வேலைக்கென்றே பயிற்சி பெற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் விழுந்தால் இன்னொருவர். ஜூனியர் முகாமுக்குச் சிம்டேகாவிலிருந்தும் சுந்தர்கரிலிருந்தும் கோவில்பட்டிக் காலனியிலிருந்தும் வருகிற பிள்ளைகளை முதல் ஆறு மாதம் எந்த இடத்திலும் ஒட்டவைக்காமல் எல்லா இடத்திலும் ஆடவிட வேண்டும். எல்லோர் கையிலும் டிராக் ஃபிளிக் மட்டையைக் கொடுத்து ஒரு கூடை பந்தையும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை, "எனக்குப் பின்னால் நிற்கத்தான் பிடிக்கிறது" என்று சொன்னால் தாராளமாக நிற்கட்டும். எனக்கே கடைசியில் அந்த இடம் பிடித்துப்போனது. மைதானம் முழுக்கத் தெரிகிற ஒரே இடம் அது.

நடுக்களத்துக்கு யார் யார் என்று என்னிடம் தனிப் பட்டியல் இருக்கிறது, தேநீர் இடைவேளையில் சண்டை போடலாம்.